பெரியநாயகியில் ஓர் எழுத்து

பேத்திக்குப் பெண் குழந்தை பிறந்து இருபது நாள் ஆகியிருந்தது. எங்கள் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் அவள் ஒரு கேள்வி போட்டாள். ‘பெரியநாயகி என்று பெயர் வைக்கலாம் என்று இருக்கிறேன். பழைய பெயர்தான். எல்லோரும் அபிப்பிராயம் சொல்லுங்கள்.’ கேட்டவள் அடுத்த அறையில் கட்டிலில் படுத்திருந்தாள். பிரசவத்துக்காகச் சென்னையிலிருந்து ஆரணிக்கு வந்திருந்தாள். ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு ஆளுக்கொரு போனில் பதில் போட்டார்கள். சாப்பாட்டு வேளையில் பேச்சு போனை விட்டு வெளியே வந்தது.

“நல்ல பேருதான். ஆனா ரேஷன் கடை க்யூவுல கூப்புடற பேரு மாதிரி கீது,” என்றான் என் மகன்.

“பேருல இன்னா தப்பு? ஸ்கூல்ல பசங்க கெடுத்துடுவாங்க, அதாங்க பயம்,” என்றாள் மருமகள்.

குழந்தையின் அப்பா சென்னையிலிருந்து போனில் முகம் காட்டிக்கொண்டிருந்தார். “பெர்ரின்னு கூப்பிடலாம் மாமா. ஸ்ட்ராபெர்ரி மாதிரி.”

“ஆமா, பெருசானா பலாப்பழம்னு கூப்புடுங்க,” என்றாள் பேத்தி. “வீட்ல நாயகி. வெளிய நிக்கி. அவ்ளோதான். நான் ஆறாவது மாசம் தேவிகாபுரம் கோயிலுக்குப் போனப்பவே நெனச்சிட்டேன். அம்மன் பேரு அது. தாத்தா, நீங்க தமிழ் வாத்தியாரு. நீங்க சொல்லுங்க.”

“வேணாம்,” என்றேன்.

“ஏன்?”

“வேணாம்னா வேணாம்.”

மருமகள் சோற்றைப் பிசைந்தபடி என்னைப் பார்த்தாள். “சேவூர் அத்தை பேரும் அதானே? அதனாலயா?”

பேத்தி நிமிர்ந்தாள். “சேவூர் ஆயா பேரா? அவங்க பேரு நாயிம்மா இல்ல?”

நான் கையைக் கழுவ எழுந்து போய்விட்டேன். அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. இருபத்தெட்டு வருஷமாக அவள் காதில் விழுந்தது அதுதான். சேவூரில் இருக்கும் என் தங்கையை எங்கள் சொந்தத்தில் பெரியவர்கள் நாயி என்றார்கள், சின்னவர்கள் மரியாதைக்கு ஒரு அம்மாவைச் சேர்த்து நாயிம்மா என்றார்கள். அது ஒரு பெயரின் மிச்சம் என்று பேத்திக்குத் தெரியாது. அந்தப் பெயரை அப்படி ஆக்கியவன் நான் என்பதும் தெரியாது. அவளிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பெரியநாயகி என்ற பெயரைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் கேட்டால், பெண்ணுக்கு வைக்கிற பெயர்களில் அதற்கு மிஞ்சியது இல்லை என்பேன். மற்றப் பெயர்களெல்லாம் பூ என்கின்றன, பொன் என்கின்றன, நிலவு என்கின்றன. அந்தப் பெண் கறுப்பாக இருந்தால், ஏழையாக இருந்தால், பெயர் அவளைக் குத்திக்காட்டும். பெரியநாயகிக்கு அந்தக் கவலை இல்லை. அழகைப் பற்றியோ செல்வத்தைப் பற்றியோ அது ஒன்றும் சொல்லவில்லை. இவள் பெரியவள், இவள் தலைவி, அவ்வளவுதான்.

எனக்கும் என் தங்கைக்கும் நடுவில் இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. அம்மா தேவிகாபுரத்து அம்மனுக்கு வேண்டிக்கொண்டு பெற்றவள் என் தங்கை. எனக்கும் அவளுக்கும் ஒன்பது வயது வித்தியாசம். பெயர் வைத்த அன்று வீட்டில் முழுப் பெயரையும் சொன்னார்கள். மறுநாளிலிருந்து யாரும் சொல்லவில்லை. எங்கள் தெருவில் முழுப் பெயர் யாருக்கும் தங்காது. நான்கு வீட்டில் தறி ஓடும்போது, குழியில் உட்கார்ந்து நெய்கிறவர் கூப்பிட்டால் பின்கட்டுக்குக் கேட்க வேண்டும். இரண்டு மூன்று எழுத்துக்கு மேல் போனால் தறிச் சத்தம் விழுங்கிவிடும். அப்பா அவளைப் பெரியா என்றார். அம்மா நாய்கி என்றாள். எங்கள் பக்கத்து நாக்குக்கு நாயகி நாய்கியாகத்தான் வரும். அதில் தவறில்லை. ‘கி’ இருந்தது. அந்த ஒரு எழுத்து இருக்கிறவரை அது பெயர்தான்.

அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனது நான். அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். என் கையெழுத்து அழகானது. தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆரம்பப் பள்ளியின் தலைமையாசிரியையைப் பெரிய டீச்சர் என்போம். அவர் கொடுத்த படிவத்தை நான் அங்கேயே நின்றபடி, ஜன்னல் கட்டையில் வைத்து நிரப்பினேன். பெரிய டீச்சர் அதை வாங்கிப் பார்த்துவிட்டுப் பக்கத்து டீச்சரிடம் நீட்டினார். “பாருங்க, ஒம்போதாவது படிக்கிற பையன். அச்சு மாதிரி எழுதறான்.” இருவரும் எழுத்தின் வடிவத்தைப் பார்த்தார்கள். எழுதியிருந்ததைப் படிக்கவில்லை. நானும் படிக்கவில்லை.

மறுநாள் வகுப்பில் பெயர் கூப்பிட்டிருக்கிறார்கள். படிவத்தைப் பார்த்துப் பதிவேட்டில் ஏற்றியிருந்தார்கள். ‘பெரியநாயி’ என்று கூப்பிட்டபோது யாரும் எழுந்திருக்கவில்லை. “யாருடி இங்க பெரிய நாயி?” என்று வகுப்பு டீச்சர் கேட்டிருக்கிறார். பின் வரிசையில் ஒரு பையன் குரைத்தானாம். கடைசிவரை கூப்பிடாமல் மிச்சமிருந்த ஒரே குழந்தை என் தங்கை. அதனால் அவளை நிற்க வைத்தார்கள். ஐந்து வயது. தன் பெயர் என்ன என்று அவளுக்கு அப்போது நிச்சயமில்லை. ‘ஆமா’ என்று சொல்லிவிட்டாள்.

மாலையில் அழுதுகொண்டு வந்தாள். “போய் இன்னானு கேட்டுட்டு வாடா,” என்று அம்மா என்னை அனுப்பினாள். நான் போனேன். பெரிய டீச்சர் சிரித்த முகமாகப் படிவத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். என் எழுத்து. ‘நாய’ என்று எழுதிவிட்டு, ‘க’ போடாமல், அதன் தலையில் வர வேண்டிய வளைவை ‘ய’வின் தலையில் போட்டிருந்தேன். வளைவு மிக அழகாக இருந்தது.

“இன்னாப்பா, எதனா மாத்தணுமா?” என்றார்.

“இல்ல டீச்சர். யூனிபாரம் இன்னா கலர்னு கேக்க வந்தேன்,” என்றேன்.

அச்சு மாதிரி எழுதுகிறான் என்று சொன்னவரிடம் பிழை என்னுடையது என்று சொல்ல முடியவில்லை. இதற்கு மேல் காரணம் ஒன்றும் இல்லை. எண்பது வயதில் இதை எத்தனை தடவை திருப்பிப் பார்த்தும் வேறு பெரிய காரணம் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து, டீச்சர் தப்பாக ஏற்றிவிட்டார்கள், அடுத்த வருஷம் மாற்றுவார்களாம் என்று சொன்னேன். அம்மா டீச்சரைத் திட்டினாள். அப்பா தறியை விட்டு எழவில்லை.

அதோடு விட்டிருந்தால்கூடச் சின்னப் பையன் பயந்துவிட்டான் என்று சொல்லிக்கொள்ளலாம். நான் விடவில்லை. என் நண்பர்கள் வீட்டுக்கு வரும்போது, அவள் தெருமுனையில் பையை மாட்டிக்கொண்டு வருவதைப் பார்த்து, “பெரிய நாயி வருது, கல்லு எடுங்கடா,” என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். நான் சொன்னால் எதற்கும் சிரிப்பார்கள். ஒரு வருஷத்துக்குள் ‘பெரிய’வும் போய்விட்டது. வீட்டுக்குள்ளேயே நாயி ஆகிவிட்டாள். தறிச் சத்தத்துக்கு மேலே அது நன்றாகக் கேட்டது.

அவள் கணக்கில் கெட்டிக்காரி. மனக்கணக்கில் என்னை முந்துவாள். ஒவ்வொரு ஜூன் மாதமும் கேட்பாள்: “அண்ணா, க போட்டுக் குடுக்கறியா?” அடுத்த வாரம் என்பேன். அவள் ஐந்தாவது முடிக்கும்போது நான் வேலூரில் காலேஜில் இருந்தேன். லீவுக்கு வந்திருந்த சமயம். அவள் ஒரு வெள்ளைத் தாளும் என் பேனாவும் எடுத்து வந்து முன்னால் வைத்தாள்.

“டி.சி. எழுதப் போறாங்களாம்ணா. அதுக்கு முன்னாடி அப்பா பேர்ல ஒரு மனு குடுத்தா மாத்திடுவாங்களாம். அப்பறம் மாத்த முடியாதாம்.”

“நாளைக்கி எழுதறேன்.”

“நாலு வரிதான். நீ சொல்லு, நான் எழுதறேன். அப்பா கையெழுத்துப் போட்டாப் போதும்.”

“உன் எழுத்துல எழுதினா யாரும் வாங்க மாட்டாங்க. கோழி கீறின மாதிரி கீது. பேஜார் பண்ணாத, போ.”

மறுநாள் காலை பஸ்ஸில் வேலூர் போய்விட்டேன். மறந்துபோகவில்லை. மனு போனால் பழைய படிவத்தை எடுப்பார்கள், அதில் என் எழுத்து இருக்கும் என்பதுதான் மனதில் இருந்தது. டி.சி. பழைய பெயரிலேயே வந்தது. ஆறாவதுக்குப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். அங்கே எல்லோரும் புதியவர்கள். அந்த டி.சி.யை எடுத்துக்கொண்டு அங்கே போக மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். வீட்டில் யாரும் வற்புறுத்தவில்லை. ராட்டையில் உட்கார்ந்து, தறியில் குறுக்கே ஓடும் ஊடைக்கு நூல் சுற்ற ஓர் ஆள் வேண்டியிருந்தது. கெட்டிக்காரப் பெண், வேகமாகச் சுற்றினாள்.

அதன்பின் ஒரு தாளைப் பார்த்து அடுத்த தாள் எழுதினார்கள். டி.சி.யைப் பார்த்து ரேஷன் கார்டு. ரேஷன் கார்டைப் பார்த்து வாக்காளர் பட்டியல். அதைப் பார்த்து ஆதார். ஜன்னல் கட்டையில் வைத்து நான் எழுதியது அரசாங்கத்தின் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது.

நான் தமிழாசிரியர் ஆனேன். ஒற்று மிகும் இடம், மிகா இடம் என்று முப்பது வருஷத்துக்கு மேல் சொல்லிக்கொடுத்தேன். ஓர் எழுத்து விட்டால் அரை மதிப்பெண் குறைப்பேன். “ஒரு எழுத்துதானே சார்” என்று கெஞ்சிய பிள்ளைகளிடம், “ஒரு எழுத்து போனா அர்த்தமே போச்சு,” என்று சிவப்பு மையில் வட்டம் போட்டுக் காட்டுவேன். அந்த நாட்களில் ஒருமுறைகூட என் கை கூசவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

தங்கைக்குச் சேவூரில் இடம் பார்த்தோம். மாப்பிள்ளைக்குக் களம்பூரில் ரைஸ் மில்லில் மேஸ்திரி வேலை. பத்திரிகை அடிக்கக் கொடுத்தபோது புரூஃப் பார்த்தது நான். அதில் ‘பெரியநாயகி’ என்று சரியாகப் போடவைத்தேன். அவள் பெயர் அச்சில் முழுதாக வந்தது அந்த ஒரே தடவைதான். கடன் தீர்ந்தது போல் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியில்தான் அடுத்ததைச் செய்தேன்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளையும் பெண்ணும் இலையில் உட்கார்ந்திருந்தார்கள். சுற்றி அவர்கள் பக்கத்து ஆட்கள். எல்லோரும் கலகலப்பாக இருந்தார்கள். நான் வாளியோடு வந்து, “ஏ நாயி, மாப்ளைக்கு ஒரு வாய் ஊட்டு,” என்றேன்.

“இன்னா பேரு மச்சான் அது?” என்றார் மாப்பிள்ளை.

நான் சொன்னேன். கதை சொல்வதில் எனக்குப் பெயர் உண்டு. டீச்சர் தப்பாக எழுதியது, வகுப்பில் கூப்பிட்டது, பையன் குரைத்தது எல்லாவற்றையும் நடித்துக் காட்டினேன். பந்தியே சிரித்தது. மாப்பிள்ளைக்குப் புரையேறியது. என் தங்கை இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணப் பெண் அப்படித்தான் உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் குடிக்கிறவர் என்பது ஆறு மாதத்தில் தெரிந்தது. அடிக்கிறவர் என்பது இரண்டாவது வருஷம் தெரிந்தது. பக்கத்து வீட்டு அம்மாளிடம் சொல்லி அனுப்பியிருந்தாள், அண்ணனை ஒருமுறை வந்துவிட்டுப் போகச் சொல்லி. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேவூருக்குப் போனேன். அவள் மேலுதடு வீங்கியிருந்தது. மாப்பிள்ளை நல்ல நிதானத்தில் இருந்தார். நாற்காலி போட்டார், கலர் சோடா வாங்கிவரச் சொன்னார்.

நான் நேராகச் சொல்லாமல் சுற்றி வளைத்தேன். “அடிக்கறதுகூட அப்பறம் மாப்ள. தெருவுல நின்னுகினு நாயேன்னு கூப்புடறீங்களாம். நாலு பேரு கேக்கறாங்க இல்ல?”

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். “நான் புதுசா ஒன்னும் கூப்புடலயே மச்சான். நீங்க வெச்ச பேருதானே. கல்யாணத்துல நீங்கதானே சொன்னீங்க.”

நான் சிரித்தேன்.

என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்தேன். அவர் சொன்னதில் ஒரு சாமர்த்தியம் இருந்தது, அதனாலும் சிரித்தேன். சமையலறை வாசலில் என் தங்கை நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். நான் சோடாவைக் குடித்து முடித்து, “பாத்துக்கோங்க மாப்ள,” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். அதற்குப் பிறகு அவள் எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. அவர் இறந்தது பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால். அதுவரை அவளை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை என்று அவள் மகன் ஒருமுறை சொன்னான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான் அவளை எப்படியும் கூப்பிட்டதில்லை. ‘இந்தா’ என்பேன், ‘இங்க பாரு’ என்பேன். நாயி என்று சொல்ல முடியவில்லை. நாயகி என்று சொல்ல யோக்கியதை இல்லை.

பேத்தி கேட்டதற்கு இரண்டு நாள் கழித்து நான் சேவூருக்குப் போனேன். அந்தப் பெயரை வைக்கலாமா கூடாதா என்று சொல்ல வேண்டியது நான் இல்லை, அவள்தான். அதைக் கேட்பதற்கு முன் படிவத்தை எழுதியது நான் என்பதையும் சொல்லிவிட வேண்டும் என்று டவுன் பஸ்ஸில் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனேன்.

தங்கை தன் மகன் வீட்டில் கீழே உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். வேர்க்கடலைத் தோல் ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம். எழுபத்தொரு வயதிலும் கைவேகம் குறையவில்லை.

“வாண்ணா. இன்னா வெயில்ல? போன் போட்டிருக்கலாம் இல்ல?”

“கொழந்தைக்குப் பேரு வெக்கறாங்க.”

“தெரியும். போன்ல பாத்தேன். என் பேரு.” ஒரு மல்லாட்டையை உடைத்தாள். “பெர்ரியாமே, குரூப்புல போட்டுக்கறாங்க. கேக்கு கடை மாதிரி.”

“உன்ன ஒரு வார்த்த கேக்கலாம்னு வந்தேன்.”

“கேளு.”

“அதுக்கு முன்னாடி ஒன்னு சொல்லணும். உன்ன ஸ்கூல்ல சேத்தப்போ, பேர தப்பா எழுதினது டீச்சர் இல்ல.”

அவள் கை நிற்கவில்லை. “நீதான்.”

நான் அடுக்கிவைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் போய்விட்டன.

“மூணாங்கிளாஸ்லயே தெரியும்ணா. பெரிய டீச்சர் ஃபாரத்த எடுத்துக் காட்டனாங்க. ‘தோ பாரு, உங்க வீட்லதான் இப்டி எழுதிக் குடுத்துக்கறாங்க’ன்னு. உன் எழுத்து எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சும் ஏன் என்னையே எழுதிக் குடுன்னு கேட்டுகினு இருந்த?”

“நீயா சொல்லுவியான்னு பாத்தேன்.”

உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றதும் அடுத்த மல்லாட்டையை உடைத்தாள்.

“பசங்க சிரிச்சாங்கன்னா ஸ்கூல வுட்டு நின்னேன்?” என்றாள். “பசங்க ஒரு வாரம் சிரிப்பாங்க, அப்பறம் வேற ஒருத்தன் மாட்டுவான். நீ வுடல. அந்தாளு கூப்டதும் எனக்குப் பெருசா படல. குடிகாரன், வாயில வந்ததச் சொல்லுவான். நீ சோடா குடிச்சிகினு சிரிச்ச பாரு.”

“தப்புதான்.”

“தப்புன்னு எனக்கும்தான் தெரியும்.”

ஆதாரில் மாற்றிவிடலாம், நானே கூட வருகிறேன், இப்போது பக்கத்திலேயே இ-சேவை மையம் இருக்கிறது என்றேன். அவள் தலையசைத்தாள். “அதுக்கு ப்ரூஃப் கேப்பாங்க. இன்னா குடுப்ப? டி.சி.யா?” அவள் சிரித்தாள். பிறகு சொன்னாள், “வேணாம்ணா. அத மாத்தினா பேங்க் புக்கு மாத்தணும், கார்டு மாத்தணும். கண்ணு ஆபரேஷன் வேற கீது அடுத்த மாசம். ஆஸ்பத்திரியில கூப்புட்டா எனக்கே நான்தான்னு தெரியணும் இல்ல?”

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். “செரி, நீ கூப்புடு பாக்கலாம்.”

“இன்னா?”

“என் பேரச் சொல்லி. முழுசா. ஒரு தபா.”

“பெரியநாயகி,” என்றேன். என் குரல் வகுப்பில் பாடம் படிக்கிற குரலாக வந்தது. மறுபடியும் சொன்னேன். அவள் காதைச் சாய்த்துக் கேட்டாள், தெருவில் யாரோ யாரையோ கூப்பிடுவதைக் கேட்பது போல.

“இல்லண்ணா. திரும்பிப் பாக்கத் தோணல.” மறுபடி மல்லாட்டையை எடுத்தாள். “கொழந்தைக்கு வேணாம்னு சொல்லிடு. நல்ல பேருதான், நான் இல்லன்னு சொல்லல. எனக்கே இன்னும் வந்து சேரல. வந்தப்பறம் பாக்கலாம்.”

கிளம்பும்போது ஒரு பையில் உரித்த பருப்பைப் போட்டுக் கொடுத்தாள். பேத்திக்குப் பால் ஊறும் என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதையும் நாளைக்கு என்று சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறேன், அப்படிச் சொல்ல அவளுக்கு உரிமை உண்டு.

வீட்டுக்கு வந்து, “சேவூர் ஆயா வேணாம்னு சொல்லிட்டாங்க,” என்று மட்டும் பேத்தியிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். அவங்க பேரு, அவங்க இஷ்டம் என்றேன். அவளுக்கு முகம் வாடிவிட்டது. போனில் இரண்டு நாள் தேடி வேறு பெயர் எடுத்தாள். இரண்டே எழுத்து. அதில் வெட்ட ஒன்றும் இல்லை. எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். எனக்கு அந்தப் பெயரைப் பற்றி அபிப்பிராயம் ஒன்றும் இல்லை.

பெயர் வைக்கிற அன்று தங்கையை அவள் மகன் வண்டியில் கொண்டுவந்து விட்டான். குழந்தையின் காதில் மூன்று முறை பெயர் சொல்ல வேண்டும். அதை யார் சொல்வது என்ற பேச்சு வந்தபோது, “சேவூர் ஆயா சொல்லட்டும்,” என்றாள் பேத்தி. புருஷன் இல்லாதவள் முன்னால் வரலாமா என்று சம்பந்தி வீட்டில் யாரோ முணுமுணுத்தார்கள். பேத்தி அதைக் காதில் வாங்காமல் குழந்தையை அவள் மடியில் வைத்துவிட்டாள்.

என் தங்கை குனிந்தாள். இரண்டு எழுத்துப் பெயரைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும். அவள் முதல் எழுத்தைச் சொல்லி, நிறுத்தி, இரண்டாவதைச் சொன்னாள். மூன்று முறையும் அப்படித்தான். ஓர் எழுத்துகூடக் கீழே விழுந்துவிடாமல் கையில் எடுத்துக் கொடுப்பது போலச் சொன்னாள். குழந்தை கண்ணை விழித்து அவளைப் பார்த்தது.

பிறகு நிமிர்ந்து பேத்தியிடம், எல்லோருக்கும் கேட்கும்படி, சாதாரணமாகச் சொன்னாள்:

“பர்த் சர்டிபிகேட்டு ஃபாரம் மட்டும் உங்க தாத்தாவ எழுத வெச்சிடாத.”

தமிழ் வாத்தியாரைப் பார்த்து இப்படிச் சொல்கிறாளே என்று வீடே சிரித்தது. என் மகன் தொடையில் தட்டிச் சிரித்தான். சம்பந்தி வீட்டாரும் சிரித்தார்கள். என் தங்கை சிரிக்கவில்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, நான் சிரிக்கிறேனா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.